ஊமலும் உஷ்ணமும்: தீவகத்து விஞ்ஞான மாணவர்க்கு ஒரு திறந்த மடல்

தீவகப் பாடசாலைகளின் உயர்தர வகுப்புகளில் பௌதிகவியல் பயிலும் மாணவ மாணவியர்க்கும், அவர்களுக்கு அதனைப் போதிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும்:

வெளியிலிருந்து வெப்பமூட்டப்படும் ஸ்டேர்லிங் யந்திரத்தின் வினைத்திறனுக்கு எல்லை எது என்பது பற்றி உங்களிடையே மூண்டிருக்கும் விவாதம், ஊர்காவற்றுறையிலிருந்து நெடுந்தீவு வரை பரீட்சைப் புள்ளிகளுக்கு அப்பாலும் விஞ்ஞானம் பேசப்படுகிறது என்பதைக் காட்டுவதால், வாழ்நாளின் பெரும்பகுதியை இதே பாடத்தைப் போதிப்பதில் கழித்த எனக்கு அது அளித்த மகிழ்ச்சி சிறிதன்று. உங்களில் ஒரு சாரார், ஸ்டேர்லிங் சக்கரம் சித்தாந்தப்படி கார்னோவின் உச்ச வினைத்திறனையே உடையதாகையால், நல்ல தச்சுத்திறன் மட்டும் வாய்த்தால் அவ்வுச்சத்தை எட்டிவிடலாம் என்கிறீர்கள். மற்றொரு சாரார், கார்னோவின் எல்லை ஏட்டளவில் நிற்பது, மெய்யான எல்லை அதற்கு வெகுகீழே இருக்கிறது என்கிறீர்கள். சூரிய மின்பலகை இத்தனை மலிந்துவிட்ட காலத்தில் இந்த யந்திரத்தைப் பற்றிய பேச்சே வீண் என்பது வேறு சிலருடைய வாதம். மூன்றிலும் உண்மை உண்டு. ஆயினும் நமது தீவுகளின் கடலையும், வெயிலையும், விறகையும் கணக்கிலெடுத்து இந்த விவாதத்தை நடத்தியவர் உங்களில் எவரையும் நான் காணவில்லை. அந்தக் குறையை நிரப்பும் எண்ணத்தோடு இம்மடலை வரைகிறேன்.

ஸ்கொத்லாந்தின் கிறிஸ்தவப் போதகரான றொபேட் ஸ்டேர்லிங் தமது யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1816இல். சாடி கார்னோ வெப்பத்தின் இயக்குசக்தி பற்றிய தமது சிறுநூலைப் பாரிஸில் வெளியிட்டது 1824இல். அஃதாவது, வெப்பத்தை எவ்வளவு தூரம் வேலையாக மாற்றலாம் என்பதற்கு ஒரு நியதி உண்டென்று உலகம் அறிவதற்கு 8 ஆண்டுகளுக்கு முன்னரே, அந்நியதியின் விளிம்பு வரை செல்லத்தக்க ஒரு சக்கரத்தை, கணிதத்தின் துணையின்றி, ஓர் இளம் போதகர் கண்டுபிடித்துவிட்டார். 1818இல் அவருடைய யந்திரம் ஒன்று ஏர்ஷயரில் ஒரு கல்லகழியிலிருந்து நீர் இறைத்தது. பின்னாளில் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்ற வில்லியம் தொம்சன், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அந்த யந்திரத்தின் மாதிரி ஒன்றைத் தமது மாணாக்கர் முன் இயக்கிக் காட்டினார். இன்று நீங்கள் தனிவெப்பநிலையை அளக்கும் அலகு அவருடைய பெயரால் வழங்குகிறது. அந்த அளவுகோலை அவர் 1848இல் வகுத்தபோது கார்னோவின் கருத்தையே அடிப்படையாகக் கொண்டார்.

இனி நமது கணக்குக்கு வருவோம். வெப்பமான பக்கத்தின் தனிவெப்பநிலையால் குளிர்ந்த பக்கத்தின் தனிவெப்பநிலையை வகுத்து, அதனை ஒன்றிலிருந்து கழித்தால் கிடைப்பதே எந்த வெப்ப எஞ்சினுக்கும் உரிய உச்ச வினைத்திறன். இதில் யந்திரத்தின் பெயரும், வாயுவின் இயல்பும், அமைத்தவனின் சாமர்த்தியமும் இடம்பெறவில்லை என்பதை நன்கு மனங்கொள்ள வேண்டும். இரண்டு வெப்பநிலைகளைச் சொல்லாமல் ஒருவர் வினைத்திறனைச் சொல்வாராயின், அவரிடம் முதலில் அவ்விரண்டையும் கேட்க வேண்டும். குறிகட்டுவான் இறங்குதுறையில் நாம் தொட்டறியும் கடல் ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ், அதாவது 303 கெல்வின். நல்ல உருக்கினாற் செய்த வெப்பமூட்டி நெடுங்காலம் தாங்கக்கூடியது 650 பாகை, அதாவது 923 கெல்வின் என்று கொண்டால், உச்ச வினைத்திறன் 67 சதவீதம். கடல் 5 பாகையாக இருக்கும் வடதேசத்தில் அதே யந்திரத்தின் உச்சம் 70 சதவீதம். இது பெரிய வித்தியாசமன்று. ஆனால் வெப்பப்பக்கம் 80 பாகைச் சுடுநீராக இருக்குமாயின், வடதேசத்தில் 21 சதவீதமாக உள்ள உச்சம் நமது கடலோரத்தில் 14 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. உப்பளத்துச் சுடுநீரிலும், கறுப்புப் பூசிய தகட்டிலும் பட்ட வெயிலைக் கொண்டே யந்திரம் ஓட்டிவிடலாம் என்று எண்ணுவோர், நமது கடல் குளிர்ந்த கடலல்ல என்பதால் மூன்றில் ஒரு பங்கைத் தொடக்கத்திலேயே இழந்துவிடுகிறார்கள். ஜேம்ஸ் சென்ஃப்ட் என்னும் அமெரிக்கர் அரைப் பாகை வித்தியாசத்திலேயே சுழலும் மாதிரி யந்திரம் ஒன்றை அமைத்தார் என்பது உண்மைதான். அதன் உச்ச வினைத்திறன் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை என்பதும் அதேயளவு உண்மை. சக்கரம் சுழல்வது வேறு, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது வேறு.

தச்சுத்திறன் வாய்த்தால் உச்சத்தை எட்டலாம் என்போர், ஸ்டேர்லிங்கின் கண்டுபிடிப்பில் உயிர்நாடியான அங்கம் எது என்பதைச் சற்று ஆராய வேண்டும். வெப்ப அறையிலிருந்து குளிரறைக்குச் செல்லும் வாயு தன் வெப்பத்தை வழியிலுள்ள ஓர் உலோக வலையிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்கிறது. திரும்பி வரும்போது அதனையே மீளப் பெற்றுக்கொள்கிறது. இந்த வலை இல்லையேல் ஸ்டேர்லிங் சக்கரம் கார்னோவின் அருகிலும் வராது. கணக்கை நீங்களே போட்டுப்பாருங்கள். வளியைக் கொண்டு, 923 கெல்வினுக்கும் 303 கெல்வினுக்கும் இடையே, கனவளவு இரு மடங்காக விரியும் ஒரு சக்கரத்தை எடுத்தால், விரிவின்போது வெளியிலிருந்து பெறும் வெப்பம் ஒரு மூலுக்கு 640 வாயுமாறிலி அலகுகள். கிடைக்கும் நிகர வேலை 430 அலகுகள். வலையின் ஊடே ஒவ்வொரு சுற்றிலும் போய்வரும் வெப்பமோ 1,550 அலகுகள். அடுப்பு கொடுப்பதைவிட வலை சுமப்பது ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஆகவே வலை பூரணமாக வேலை செய்தால் 67 சதவீதம். வலையே இல்லாவிட்டால் 20 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. வலை தன்னிடம் வந்ததில் பத்தில் ஒரு பங்கை மட்டும் தவறவிட்டால் 54 சதவீதம். நூற்றுக்குத் தொண்ணூறு பெறும் மாணவனை நாம் மெச்சுகிறோம். நூற்றுக்குத் தொண்ணூறு பெறும் வலை, யந்திரத்தின் வினைத்திறனில் 13 புள்ளிகளைப் பறித்துவிடுகிறது. வலையை மேலும் நெருக்கமாகப் பின்னினால் வெப்பம் நன்கு பரிமாறும். ஆனால் வாயு அதனூடே புகுந்து செல்லத் திணறும், அதனைத் தள்ளுவதிலேயே வேலையின் ஒரு பகுதி செலவாகும். எவ்வளவு நெருக்கம் போதும் என்பதைத் தீர்ப்பதில்தான் ஸ்டேர்லிங் யந்திரம் அமைப்போர் இரு நூற்றாண்டுகளாகப் பாடுபட்டு வருகிறார்கள்.

இதனுடன் காலத்தின் பிரச்சினையும் சேர்கிறது. உங்களில் இரண்டாவது சாரார் சொல்வது இங்கேதான் பொருந்துகிறது. கார்னோவின் உச்சத்தை எட்ட வேண்டுமானால் வாயுவும் அடுப்பும் ஒரே வெப்பநிலையில் இருந்தபடியே வெப்பம் கைமாற வேண்டும். அவ்வாறு கைமாற முடிவற்ற காலம் வேண்டும். முடிவற்ற காலத்தில் ஒரு சுற்றுச் சுழலும் யந்திரம் தரும் வலு பூச்சியம். வலு வேண்டுமென்றால் வெப்பநிலையில் ஓர் இடைவெளியை விட்டுத்தான் ஆக வேண்டும். 1975இல் வன்கூவரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேர்சன், ஆல்போர்ன் என்னும் இருவர், வலு உச்சமாக இருக்கையில் வினைத்திறன் எவ்வளவு என்று கணித்து, இரு வெப்பநிலைகளின் விகிதத்துக்கு வர்க்கமூலம் எடுத்து ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும் என்று காட்டினர்; அதே சூத்திரத்தை 1957இலேயே பிரான்சில் ஷம்படாலும் ரஷ்யாவில் நொவிக்கோவும் கண்டிருந்தனர். இங்கிலாந்தின் வெஸ்ட் துரொக் நிலக்கரி மின்நிலையத்துக்கு இந்தக் கணிப்பு 40 சதவீதம் என்றது. கார்னோவின் கணிப்பு 64. நிலையம் உண்மையில் தந்தது 36. நமது 650 பாகை யந்திரத்துக்கும் நம் கடலுக்கும் இச்சூத்திரம் தருவது 43 சதவீதம். ஆனால் இதனையும் பிரகிருதியின் கட்டளை என்று கொண்டுவிடாதீர்கள். கார்னோவின் எல்லையை எந்த யந்திரமும் மீற முடியாது. கேர்சனும் ஆல்போர்னும் தந்தது, சில அனுமானங்களின் கீழ், வலுவை உச்சமாக்க விரும்புவோனுக்குரிய மதிப்பீடு. மெதுவாக ஓட்டச் சம்மதிப்பவன் அதற்கு மேலும் செல்லலாம். அப்பொழுது அதே வலுவுக்குப் பெரிய யந்திரமும் பெரிய செலவும் வேண்டும்.

சூரிய ஒளியைக் கிண்ணக் கண்ணாடியால் குவித்து ஸ்டேர்லிங் யந்திரத்தை ஓட்டுவதில் மனிதர் எவ்வளவு தூரம் சென்றனர் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 2008 ஜனவரியில், அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்திலுள்ள சண்டியா ஆய்வுகூடத்தில், வெயிலின் 31.25 சதவீதம் மின்சாரமாக மாற்றப்பட்டது. அன்றைய வானம் அசாதாரணத் தெளிவோடும், காற்று உறைநிலையை ஒட்டிய குளிரோடும் இருந்தன. வெப்பப்பக்கத்துக்கு வேண்டிய ஒளியையும் குளிர்ப்பக்கத்துக்கு வேண்டிய தண்மையையும் ஒருங்கே தந்த நாள் அது. அதே வகைக் கிண்ணங்கள் அறுபதைக் கொண்டு 2010இல் அரிசோனாவில் ஒன்றரை மெகாவாற்று நிலையம் திறக்கப்பட்டது; 2011 முடியுமுன்பே அதனை அமைத்த கம்பனி வங்குரோத்து நிலையை அடைந்தது. மின்பலகைகளின் விலை வீழ்ச்சி அதற்கு ஒரு முக்கிய காரணம். கிண்ணக் கண்ணாடிக்கு நேர்க்கதிர் வேண்டும். மேகத்தினூடே பரவி வரும் ஒளி அதற்குப் பயனில்லை. உப்புக்காற்று ஓயாது வீசும் நயினாதீவிலோ அனலைதீவிலோ கண்ணாடியையும் அதனைச் சூரியனை நோக்கித் திருப்பும் பொறியையும் ஆண்டுக்கணக்கில் பழுதின்றிப் பேணுவது எத்தகைய பணி என்பதை, துருப்பிடித்த படலைகளையும் யன்னற் கம்பிகளையும் ஒவ்வோராண்டும் சுரண்டித் தீந்தை பூசும் உங்கள் பெற்றோரே சொல்வார்கள். ஆகையால் வெயிலைப் பொறுத்தமட்டில், மூன்றாவது சாராரின் பக்கமே நான் நிற்கிறேன். ஊர்ச் சங்கங்கள் கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ பணம் திரட்டி அனுப்புவதாயினும், அதனைக் கிண்ணக் கண்ணாடியில் இடுவது தகாது.

ஆனால் விஷயம் அங்கே முடிந்துவிடவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் இந்திய உதவியுடன் கலப்பு மின்திட்டம் அமைக்க 2024 மார்ச் 1ஆம் திகதி கொழும்பில் ஒப்பந்தம் கைச்சாத்தானதை நீங்கள் அறிவீர்கள். அத்திட்டத்தில் சூரிய மின்சாரம் 1,700 கிலோவாற்று, காற்றாடிகள் 530 கிலோவாற்று, பற்றரிச் சேமிப்பு 2,400 கிலோவாற்று மணி என்பனவற்றோடு, 2,500 கிலோவாற்று டீசல் யந்திரங்களும் காத்திருப்பாக இடம்பெற்றுள்ளன. சூரியனையும் காற்றையும் கூட்டினால் 2,230. காத்திருக்கும் டீசல் அதனிலும் பெரிது. இதற்குக் காரணம் உண்டு. சோளகம் வீசும் மாதங்களில் காற்றாடிக்குக் குறைவில்லை. பங்குனி, சித்திரையில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வானம் நாட்கணக்கில் மூடிக்கிடந்து காற்றும் தளர்ந்திருக்கும் வேளைகளில், மேலே சொன்ன பற்றரி, முழுவலுவில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலாகவே தாங்கும். அப்பொழுது இரவைக் கடப்பதற்கு மிஞ்சுவது, படகில் பரல் பரலாக வந்திறங்கும் எரிநெய் ஒன்றே.

அந்த எரிநெய் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 10 கிலோவாற்று மணி வெப்பம் அடங்கியிருக்கிறது. அதில் 3 அல்லது மூன்றரை மின்சாரமாகிறது. எஞ்சியதெல்லாம் புகைபோக்கியாலும் குளிரூட்டும் நீராலும் வெளியேறுகிறது. குளிர்நாடுகளில் இந்தக் கழிவு வெப்பம் வீட்டைச் சூடாக்கப் பயன்படுகிறது. நியூஸிலாந்தில் உருவான சிறு ஸ்டேர்லிங் யந்திரமொன்று எரிபொருளில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கையே மின்சாரமாக்கிய போதிலும், மிகுதி வெப்பத்துக்குக் குளிர்நாடுகளில் வாங்குவோர் இருந்தமையால் விலைபோனது. நம்மிடம் அந்த வெப்பத்தைக் கொண்டு நன்னீர் வடிக்கலாமே என்று உங்களில் ஒருவர் கட்டாயம் கேட்பீர்கள். நெடுந்தீவின் நன்னீர்த் தட்டுப்பாட்டை அறிந்தவர் எவரும் கேட்கவேண்டிய கேள்வி அது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க 0.63 கிலோவாற்று மணி வேண்டும். ஒரு லீற்றர் டீசலின் குளிர்நீரிலிருந்து 3 அலகு, அதாவது 3 கிலோவாற்று மணி, வெப்பத்தை மீட்டாலும், ஒருமுறை வடிப்பதில் 5 லீற்றருக்கும் சற்றுக் குறைவான நன்னீரே கிடைக்கும். ஆனால் அதே லீற்றர் டீசல் தந்த 3 அலகு மின்சாரத்தைக் கொண்டு, தாளையடியில் அமைந்துள்ளதைப் போன்ற சவ்வுமுறை நிலையத்தில், 1,000 லீற்றரை அண்மித்த நன்னீர் பெறலாம். சிறிய நிலையத்தில் அதன் பாதிதான் என்றாலும் 500 லீற்றர். வெப்பத்திலும் மூன்று அலகு, மின்சாரத்திலும் மூன்று அலகு. பலனோ நூறு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதி எதைப் பற்றியது என்று கேட்கும் மாணவனுக்கு, நான் இந்த ஒரு கணக்கையே எழுதிக்காட்டுவேன். சக்திக்கு அளவு மட்டுமன்றித் தரமும் உண்டு. 80 பாகை வெப்பம் தரத்தில் மிகத் தாழ்ந்தது. சற்று மேலான தரமுடைய புகைபோக்கி வெப்பத்தை உறிஞ்சல் முறைக் குளிரூட்டிக்குக் கொடுத்து, மீனவர்க்கு வேண்டிய ஐஸ் செய்வது பற்றி யோசிக்கலாம். அது தனியே ஒரு கட்டுரைக்குரியது.

ஸ்டேர்லிங் யந்திரத்துக்கு நமது தீவுகளில் ஓர் இடம் உண்டென்றால், அது டீசல் போன்ற உள்ளெரி எஞ்சின்கள் நேரே தின்னாத எரிபொருளைத் தின்பதில்தான் இருக்கிறது. ஊமல், கங்குமட்டை, காவோலை, பொச்சு, சிரட்டை: பனையும் தென்னையும் ஆண்டுதோறும் நம் வளவுகளில் உதிர்க்கும் இவற்றை டீசல் யந்திரத்துக்குள் இட முடியாது. மரவாயுவாக மாற்றி இடலாம். ஆனால் அதிலுள்ள தாரை நீக்கிச் சுத்திகரிப்பது தொல்லை மிக்க வேலை. ஸ்டேர்லிங் யந்திரத்தில் நெருப்பு உருளைக்கு வெளியே எரிவதால், எரிவது எதுவானாலும் உள்ளேயுள்ள வளிக்குக் கவலையில்லை. இது வெறுங்கற்பனையுமன்று, 1980களில் சென்னையில் ஒரு நிறுவனம், உமியையும் விறகையும் எரித்து ஓடும் ஐந்து குதிரைவலு ஸ்டேர்லிங் யந்திரங்களைக் கட்டியது. அவற்றில் விலையுயர்ந்த ஈலியமோ ஐதரசனோ இல்லை, அழுத்திய வளிதான். அழுத்தம் ஏன் வேண்டும் என்பதற்கு, ஒஹாயோவைச் சேர்ந்த வில்லியம் பீலின் அனுபவ விதி ஒன்றே போதும்: முசலம் பெருக்கும் கனவளவு ஒரு லீற்றர், சுழற்சி செக்கனுக்கு 10, வளி சாதாரண அழுத்தத்தில் என்றால், நன்கு சூடேறிய யந்திரம் தருவது ஏறத்தாழ 150 வாற்று, அழுத்தத்தை ஐந்து மடங்காக்கினால் 750 வாற்று. தகரப்பேணியால் மாதிரி செய்து அது சுழல்வதைக் கண்டு களித்தவர்கள், அதனைப் பெரிதாகக் கட்டியும் ஏன் வலு வரவில்லை என்று சோர்வடைவதற்குரிய காரணம் இதுவே.

இங்கே வினைத்திறனை மிகத் தாழ்வாகவே எடுத்துக்கொள்வோம். எரிபொருளின் வெப்பத்தில் பத்தில் ஒன்றுதான் மின்சாரமாகிறது என்று வைத்துக்கொள்வோம். நன்கு உலர்ந்த ஊமலும் மட்டையும் கிலோ ஒன்றுக்கு 4 கிலோவாற்று மணி வெப்பம் தரும் எனின், கிலோவுக்கு 0.4 அலகு மின்சாரம். மூன்று கிலோவாற்று யந்திரம் மாலையில் நான்கு மணித்தியாலம் ஓட 30 கிலோ வேண்டும். ஒரு வைத்தியசாலையின் மருந்துக் குளிர்ப்பெட்டிக்கும், ஒரு பாடசாலையின் மாலை வகுப்புக்கும், மேகம் மூடிய நாட்களில் அது போதும். எல்லை 67 சதவீதமா, 43 சதவீதமா என்று நாம் வாதிட்டுக்கொண்டிருக்கையில், பத்து சதவீதமே தருகின்ற யந்திரம் நமக்குப் பயன்படலாம். ஏனெனில் எரிபொருளை நாம் படகில் ஏற்றி வரவில்லை. அந்த யந்திரத்துக்கு மெய்யான எல்லை வேறோரிடத்தில் இருக்கிறது: வெப்பமூட்டும் குழாய்களில் படியும் சாம்பல், அழுத்திய வளியைக் கசியவிடும் அடைப்புகள், இரவு பகலாகச் சிவந்து நிற்கும் உலோகத்தின் ஆயுள். ஸ்டேர்லிங் சகோதரர்கள் 1843இல் டண்டீ வார்ப்பகத்தில் ஓடவிட்ட பெரிய யந்திரத்தை இறுதியில் நிறுத்தியதும் இந்த உலோகமே. வெப்ப உருளையின் அடிப்பாகம் மீண்டும் மீண்டும் எரிந்துபோயிற்று. பெசமரின் உருக்கு அக்காலத்தில் இருந்திருந்தால் தமது யந்திரம் வென்றிருக்கும் என்று றொபேட் ஸ்டேர்லிங் 1876இல், மரணத்துக்கு இரண்டாண்டு முன்பு, எழுதிவைத்தார்.

அத்தகைய உருக்கு இன்று நமக்குக் கிடைக்கிறது. அதனைக் கையாளும் கைகளும் கிடைக்கின்றன. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அருகியபோது, யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோலால் கிளப்பி, பின் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓடச்செய்த கராச்சுக்காரர்களும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களும் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். கார்னோவின் பெயரை அவர்கள் கேள்விப்பட்டிராமல் இருக்கலாம். எரிதலையும், கசிவையும், உராய்வையும் உங்கள் பாடநூல்களைவிட ஆழமாக அறிந்தவர்கள் அவர்கள். உங்கள் அடுத்த விவாத அரங்குக்கு அவர்களையும் அழைத்து, மேடையில் அமர்த்தி, கேள்வி கேளுங்கள் என்று ஆசிரியப் பெருமக்களை விநயமாக வேண்டிக்கொள்கிறேன்.

மாணவர்களே, உங்களிடம் நான் வேண்டுவது அளவீடு. ஒவ்வொரு தீவிலும் பத்து வளவுகளைத் தெரிந்தெடுத்து, ஒரு மாதத்தில் அவற்றில் சேரும் ஊமலையும், மட்டையையும், பொச்சையும் வெயிலில் உலர்த்தி நிறுத்துப் பாருங்கள். சமையலுக்குப் போனது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்று பிரித்தெழுதுங்கள். எரித்தபின் எஞ்சும் சாம்பலையும் நிறுங்கள். அது குழாயில் படியும் அழுக்கின் அளவை முன்கூட்டியே சொல்லும். குறிகட்டுவானிலும் நெடுந்தீவு இறங்குதுறையிலும் கடல்நீரின் வெப்பநிலையை வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே ஆழத்தில் ஓராண்டுக்குக் குறித்துவாருங்கள். மழைமாதங்களில் வெயிலும் காற்றும் ஒருசேர ஓய்ந்திருக்கும் நாட்களை நாட்காட்டியில் அடையாளமிடுங்கள். இந்த எண்கள் கைக்கு வந்தபின், ஒவ்வொரு தீவிலும் எத்தனை கிலோவாற்று யந்திரத்துக்கு விறகு மிஞ்சும் என்பதைப் பற்றி நாம் மீண்டும் விவாதிப்போம். அன்று எதிரணியில் நின்று வாதிட என்னையும் அழைப்பீர்களானால், வேலணையிலிருந்து பஸ் ஏறி வந்து கலந்துகொள்வேன்.

இங்ஙனம்,
உங்கள் விவாதத்தில் மிகுந்த ஈடுபாடுடைய,
தீவகத்துப் பழைய பௌதிகவியல் ஆசிரியன்.